சுருள்வில்லும் அடைத்த காற்றும்

மூங்கிற் குழாய் ஒன்றின் இரு முனைகளிலும் பச்சைக் காய்களை இறுக அடைத்து, ஒரு புறத்துக் காயைக் குச்சியினாற் சடுதியாகத் தள்ளினால், மறு புறத்துக் காய் 'பட்' என்ற ஓசையுடன் பாய்ந்து செல்லும். கிராமத்துச் சிறுவரின் இவ்விளையாட்டை நேயர்களுட் பலர் கண்டிருப்பர். சிலர் விளையாடியும் இருப்பர். காயைத் தள்ளியது குச்சியன்று. இடையில் அகப்பட்டு நெருங்கிய காற்றே. காற்றுத் துப்பாக்கியின் தத்துவம் முழுவதும் அச்சிறு குழாயினுள் அடங்கியிருக்கின்றது. வெடிமருந்தின் துணையின்றி, நெருக்கப்பட்ட காற்று விரிய முயலும் வேகத்தினாலேயே ஈயச் சன்னம் ஒன்றைக் குறியை நோக்கிச் செலுத்துவது அத்துப்பாக்கியின் தொழில்.

காற்றை நெருக்குவதற்கு இரு வழிகள் உள. சுடும் கணத்திலேயே நெருக்குவது ஒரு வழி. முன்னதாகவே நெருக்கி ஒரு கலத்தில் அடைத்து வைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக வெளிவிடுவது மற்றொரு வழி. முதலாவது வழியிற் செல்வது சுருள்வில் துப்பாக்கி. இரண்டாவது வழியிற் செல்வது காற்றடைத்த துப்பாக்கி. இவ்விரண்டினையும் அளவுகோல் கொண்டு ஒப்பிட்டால், குறி தவறாமையிலும், சுடும்போது அசையாமையிலும், அடுத்தடுத்துச் சுடும் விரைவிலும் காற்றடைத்ததே மேலானது. இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அவ்வாறிருந்தும், இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் இக்கலையிற் பல்லாண்டு பழகியவர்கள் பலர், இரண்டு வகையினையும் வீட்டில் வைத்துக்கொண்டு, மகிழ்ச்சிக்காகச் சுடும் மாலை வேளைகளில் சுருள்வில் துப்பாக்கியையே கையில் எடுக்கின்றனர். குறைபாடுடைய கருவி கூடுதலான இன்பந் தருவது எவ்வாறு?

காற்றடைத்த துப்பாக்கி நேற்றுத் தோன்றிய புதுமையன்று. தைரோல் மலைநாட்டவரான பார்த்தொலொமேயோ ஜிரார்தோனி என்னும் துப்பாக்கித் தொழிலாளர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை, 1780 ஆம் ஆண்டளவில் அவுஸ்திரியப் படையினர் கைக்கொண்டனர். அதன் அடிக்கட்டையே காற்றுக் கலமாக அமைந்திருந்தது. ஏறத்தாழ 20 குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்த வல்ல அத்துப்பாக்கி, புகையையோ பெரும் முழக்கத்தையோ எழுப்பவில்லை. ஒரு முறை சுட்டு, மறுமுறைக்கு மருந்து இடித்துக் கொண்டிருந்த அக்காலத்துப் படைவீரனுக்கு இது மாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால், காலியான கலத்தை மீண்டும் நிரப்புவதற்குக் கைப்பம்பியை ஏறத்தாழ 1,500 முறை அடிக்கவேண்டியிருந்தது! கலங்களும் பொருத்துவாய்களும் எளிதிற் பழுதுற்றன. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்துப்பாக்கி படையினின்றும் நீங்கிற்று. அமெரிக்காவின் மேற்குப் புறத்தை ஆராய 1803 ஆம் ஆண்டிற் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் கொண்டுசென்ற காற்றுத் துப்பாக்கியும் இவ்வகையினதே எனப் பலர் கருதுவர்.

சுருள்வில்லின் மரபு இதனினும் பழையது. கொல்லன் துருத்தியைப் போன்ற சிறு துருத்தி ஒன்றைக் கட்டையினுள் வைத்து, வில்லின் வலிமையால் அதனைச் சடுதியாக நசுக்கிச் சிறு அம்புகளைச் செலுத்தும் கருவிகள் ஐரோப்பாவில் 16 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. சுவீடன் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமில், ஏறத்தாழ 1580 ஆம் ஆண்டினது எனக் கருதப்படும் துருத்தித் துப்பாக்கி இன்றும் பேணப்பட்டு வருகின்றது. துருத்தியின் இடத்தை உருளையும் அதனுள் ஓடும் முசலமும் பெற்றபோது இன்றைய வடிவம் தோன்றியது. முசலம் என்பது ஆங்கிலத்திற் பிஸ்ரன் எனப்படும் உறுப்பே. 1880களின் இறுதியில் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் ஊரிலே, காற்றாலைகள் செய்துவந்த நிறுவனம் ஒன்று, உழவர்களைக் கவரும்பொருட்டு ஆலையுடன் சிறிய காற்றுத் துப்பாக்கி ஒன்றினையும் வழங்கத் தொடங்கிற்று. ஆலையைவிடத் துப்பாக்கியையே மக்கள் விரும்பினர். 1895 ஆம் ஆண்டில் நிறுவனம் தன் பெயரையே 'டெய்சி' எனத் துப்பாக்கியின் பெயரால் மாற்றிக்கொண்டது. காற்றாலை மறைந்தது, காற்றுத் துப்பாக்கி நிலைத்தது.

எனினும், சுருள்வில் துப்பாக்கியை விளையாட்டுப் பொருள் என்னும் நிலையினின்றும் உயர்த்தித் துல்லியமான கருவியாக்கிய பெருமை இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சாரும். அந்நகரத்து லிங்கன் ஜெப்ரீஸ் என்பவர் 1904 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அமைப்பை, அடுத்த ஆண்டு முதல் பீ. எஸ். ஏ. தொழிற்சாலை செய்து விற்றது. அக்காலத்தில் அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்த விடுதிகளிலே தொழிலாளர் மாலை நேரத்திற் கூடி ஆடிய ஒரு போட்டி கேட்பதற்கே சுவையானது. இரும்புத் தட்டொன்றின் நடுவில், சன்னம் நுழையுமளவிற்குச் சற்றே பெரிய துளை ஒன்று; துளைக்குப் பின்னால் ஒரு மணி. சன்னம் துளையினுட் சென்றால் மணி ஒலிக்கும். தவறினால், தட்டின் முகத்திற் பூசிய வெண்பூச்சில் அதன் தழும்பு விழும். தீர்ப்புக் கூற நடுவர் வேண்டியதில்லை. கூடத்திலிருந்தோர் அனைவர் காதிலும் தீர்ப்பு விழுந்தது.

இனி, சுருள்வில் துப்பாக்கி தொழிற்படும் விதத்தை நோக்குவோம். நம்மவர் பேச்சில் அம்பெய்யும் வில்லும் 'வில்'தான். இயந்திரத்திலுள்ள சுருளும் 'வில்'தான். இது சொல்லளவில் நேர்ந்த ஒற்றுமையன்று. இரண்டும் வளைத்தவனின் வலிமையைத் தம்முள் வாங்கி வைத்திருந்து, விடுபட்ட கணத்தில் அதனைத் திருப்பித் தருவன. சுடுபவர் துப்பாக்கியின் குழலையே நடுவில் மடக்கியோ, குழலின் கீழுள்ள நெம்புகோலை இழுத்தோ உருக்குச் சுருளை அமுக்குகின்றார். அதற்கு அவர் செலவிடும் வலு ஏறத்தாழ 30 இறாத்தல். அமுங்கிய சுருளும் அதன் முன்னுள்ள முசலமும் ஒரு கொளுவியிற் சிக்கி நிற்கின்றன. சன்னத்தைக் குழலில் இட்டு, குறிபார்த்து, விசையை இழுத்தவுடன் கொளுவி விடுபடுகின்றது. முசலம் முன்னோக்கிப் பாய்கின்றது. உருளையினுள் இருந்த காற்று ஒரு சிறு மூலைக்குள் நெருக்குண்கின்றது. துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடி சுடுவதை அறியாதார் இல்லை. அதே வெம்மை இங்கே பல நூறு பாகை வரை ஒரு கணத்தில் ஏறுகின்றது. வெம்மையும் அமுக்கமும் உச்சத்தை அடையும்போதே சன்னம் தன் இடத்தை விட்டுப் புறப்படுகின்றது.

இந்த வெம்மையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் கார்டியூ என்னும் குடும்பப் பெயருடைய தந்தையும் மைந்தனும் 1970களில் இத்துப்பாக்கிகளைப் பலவாறு சோதித்தனர். அவர்கள் துப்பாக்கியைச் சாதாரணக் காற்றில் சுட்டுச் சன்னத்தின் வேகத்தை அளந்தனர். பின்னர் ஒட்சிசன் இல்லாத நைதரசன் வாயுவின் நடுவில் வைத்துச் சுட்டு அளந்தனர். வேகம் பெரிதுங் குறைந்து போயிற்று. முசலத்தைச் சுற்றியிருந்த மெல்லிய எண்ணெய்ப் படலம், நெருக்குண்ட காற்றின் வெம்மையிலே எரிந்து, சன்னத்துக்கு மேலும் வலுவூட்டிற்று என்பதை அவர்கள் இதனாற் காட்டினர். வல்லமை மிகுந்த சுருள்வில் துப்பாக்கி, ஓரளவுக்கு டீசல் இயந்திரத்தின் உறவினனே. எண்ணெயை மிகுதியாக ஊற்றினால் இந்த எரிதல் வெடிப்பாக மாறிக் கருவியைச் சிதைக்கும். 'எண்ணெய் இட்டால் இயந்திரத்துக்கு நல்லது' என்னும் பொதுவிதி இங்கே செல்லாது.

இப்பொழுது சிக்கலின் மையத்துக்கு வருகின்றோம். கனத்த முசலம் முன்னோக்கிப் பாயும்போது, துப்பாக்கி பின்னோக்கி நகர்கின்றது. முசலம் உருளையின் எல்லையை நெருங்கிக் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது, துப்பாக்கி முன்னோக்கித் திரும்புகின்றது. இவை யாவும் விநாடியின் நூறில் ஒரு பங்கு அளவான காலத்துள் நிகழ்கின்றன. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உதைப்பு ஒன்றே. இதற்கோ உதைப்பு இரண்டு, அவையும் எதிரெதிர்த் திசைகளில். வெடிமருந்தின் கடும் உதைப்பைத் தாங்கிய தொலைநோக்கிகள் சில, இந்தச் சிறு துப்பாக்கியின் முன்னுதைப்பைத் தாங்காமல் உடைந்ததுண்டு. அதனினும் முக்கியமானது யாதெனில், சன்னம் குழல்வாயைக் கடப்பதற்கு முன்னரே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகின்றது என்பதே. குறி பார்த்த கணத்திற் குழல் எங்கே நோக்கிற்றோ, சன்னம் வெளியேறும் கணத்தில் அங்கே நோக்குவதில்லை.

இதற்குத் தீர்வு யாது? இறுகப் பிடித்து அசைவை அடக்கலாம் எனப் புதியவர் எண்ணுவார். அவருடைய சன்னங்கள் தாளில் மழைத்துளிபோற் சிதறும். மனிதனின் பிடி ஒரு முறை இருந்தவாறு மறுமுறை இருப்பதில்லை. இறுக்கம் மாறுந்தோறும் அசைவின் திசையும் மாறும். பழகியவர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றார். முன்கையை விரித்து, உள்ளங்கையின் மீது துப்பாக்கியை வெறுமனே கிடத்துகின்றார். விரல்கள் அதனைப் பற்றுவதில்லை. தோளும் கன்னமும் மெல்லத் தொடுவதோடு சரி. பீரங்கி தன் வண்டியில் தடையின்றிப் பின்சென்று மீள்வதுபோல, துப்பாக்கியும் தன் விருப்பப்படி அசைந்து மீள இடங்கொடுக்கின்றார். இதனாலேயே இதனைப் 'பீரங்கிப் பிடி' என ஆங்கிலத்தில் வழங்குவர். அசைவை ஒழிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அசையச் செய்யலாம். ஒரே விதமாக அசைந்தாற் சன்னமும் ஒரே இடத்திற் சென்று தைக்கும். உள்ளங்கை ஓர் அங்குலம் முன்னே சென்றால் தைக்கும் இடம் மாறும். கடினமான மேசைமீது துப்பாக்கியைத் தாங்க வைத்தாலும் மாறும். விசையை இழுத்த பின்னரும், சன்னம் குறியைச் சேரும் வரை, கண்ணும் கையும் இருந்த நிலையிலேயே இருத்தல் வேண்டும். சுட்டவுடன் தலையை உயர்த்திப் பார்ப்பவரைச் சுருள்வில் துப்பாக்கி மன்னிப்பதேயில்லை.

காற்றடைத்த துப்பாக்கியில் இத்தொல்லைகள் எவையும் இல்லை. அதன் கலத்திலே சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் அல்லது அதற்கும் மேற்பட்ட அமுக்கத்திற் காற்று காத்திருக்கின்றது. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள அமுக்கத்தின் ஏறத்தாழ நூறு மடங்கு அது. விசையை இழுத்தவுடன் சிறு சுத்தி ஒன்று வால்வைத் தட்டித் திறக்க, அளவான காற்று வெளியேறிச் சன்னத்தைத் தள்ளுகின்றது. கனத்த பொருள் எதுவும் ஓடாமையால், துப்பாக்கி அசைவதை உணர்தலே அரிது. 1980களில் இவ்வகைத் துப்பாக்கிகள் இங்கிலாந்தில் மீண்டும் பரவத் தொடங்கி, நாளடைவிற் போட்டிக் களங்களைத் தமதாக்கிக்கொண்டன. ஒலிம்பிக் பந்தயங்களில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் சேர்க்கப்பட்டது. அப்போட்டியிற் குறித்தாளின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமே உடையது. சன்னமோ நாலரை மில்லிமீற்றர். 2008 ஆம் ஆண்டு பீஜிங் நகரில் அபினவ் பிந்திரா இந்தியாவுக்கு முதலாவது தனிநபர்த் தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தது இப்போட்டியிலேயே. அத்தகைய களத்திற் காற்றடைத்த துப்பாக்கியை விடுத்து வேறொன்றை நாடுதல் அறிவுடைமையாகாது.

இடையில் ஒரு கதையுண்டு. சுருள்வில்லை விடாமலே உதைப்பை ஒழிக்க ஜேர்மானியப் பொறியியலாளர் பெரிதும் முயன்றனர். டயானா என்னும் பெயரில் வந்த துப்பாக்கிகள் சிலவற்றில் இரு முசலங்கள் எதிரெதிராக ஓடி, ஒன்றின் உதைப்பை மற்றொன்று தின்றது. ஒபேர்ண்டோர்ப் நகரத்துப் பைன்வேர்க்பாவ் நிறுவனமோ, உலோகப் பகுதி முழுவதும் கட்டையின்மேற் சறுக்கிச் செல்லும்படி தண்டவாளம் போன்ற அமைப்பொன்றை ஏற்படுத்திற்று. 1960களிலும் 1970களிலும் இவை போட்டிகளில் ஓங்கி நின்றன. வேலைப்பாட்டில் இவற்றுக்கு நிகரானவை அரிது. எனினும், உதைப்பில்லாத சுருள்வில்லைக் கண்டவர்கள், உதைப்பே அறியாத காற்றுக் கலம் வந்தவுடன் அதன்பாற் சென்றனர். உதைப்பை நீக்கிய பின்னர் சுருள்வில்லை வைத்திருக்கக் காரணம் இல்லாது போயிற்று. இன்று சுருள்வில்லை விரும்புவோரிற் பெரும்பாலார் நாடுவது இந்த அமைதியான வகையினையன்று. இருபுறமும் உதைக்கும் பழைய முரட்டு வகையினையே.

இந்த விருப்பத்தின் காரணம் இங்கே வெளிப்படுகின்றது. நாதஸ்வரக் கலைஞர் தம் மூச்சாலும் இதழாலும் ஒவ்வொரு சுரத்தையும் தாமே உருவாக்குகின்றார். ஆர்மோனியத்திலோ, கட்டையை அழுத்தினாற் சுரம் தானே பிறக்கும். காற்றடைத்த துப்பாக்கியைக் கொண்டு நடுப்புள்ளியைத் துளைத்தவர், கருவியின் செம்மையையும் தம் கண்ணின் கூர்மையையும் எண்ணி மகிழ்கின்றார். சுருள்வில் துப்பாக்கியாற் துளைத்தவரோ, தம் உடம்பு முழுவதும், தோள், கன்னம், மூச்சு, விரல் நுனி யாவும், ஒருங்கே இசைந்து நின்றதை உணர்கின்றார். தவறு நேர்ந்தால் அதன் காரணத்தையும் பெரும்பாலும் அவரே அறிவார்: இந்த முறை கை இறுகிற்று, இந்த முறை மூச்சு முந்திற்று. பத்துச் சன்னங்கள் ஒரே துளையிற் சென்றதைவிட, ஒன்பது சென்று பத்தாவது விலகியதன் காரணத்தைத் தானே கண்டறிந்தது சிலருக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. இதனை வெறும் பழைமைப் பற்று என ஒதுக்குதல் பொருந்தாது.

மற்றொரு காரணமும் உண்டு. அது இதனினும் எளியது. சுருள்வில் துப்பாக்கி எவரிடத்தும் எதனையும் இரந்து நிற்பதில்லை. காற்றடைத்த துப்பாக்கிக்குச் சுழியோடிகள் பயன்படுத்துவன போன்ற பெரிய உருளை வேண்டும். அல்லது காற்றமுக்கும் இயந்திரம் வேண்டும். அல்லது வியர்வை சொட்டக் கைப்பம்பி அடித்தல் வேண்டும். உருளையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிப்பித்தலும் வேண்டும். அமுக்கமானியைப் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். கலத்தில் அமுக்கம் குறையும்போது சன்னத்தின் வேகமும் மாறும். இதனைச் சீராக்கும் உறுப்பு பொருத்தினால், பழுதுபடக்கூடிய உறுப்பு ஒன்று கூடும். இறப்பர் வளையம் ஒன்று தேய்ந்தால் இரவோடிரவாகக் காற்று முழுவதும் போய்விடும். சுருள்வில் துப்பாக்கிக்கோ ஒரு தகரப் பெட்டிச் சன்னமும் இரு கைகளும் போதும். ஒவ்வொரு சன்னத்துக்கும் உரிய வலுவை அந்தந்த வேளையிற் சுடுபவரே தம் கையாற் கொடுக்கின்றார். அதனால் வேகம் குறைவு. ஒரு மணி நேரத்திற் செலவாகும் சன்னங்கள் சிலவே. இந்தத் தாமதமே ஒவ்வொரு சன்னத்துக்கும் மதிப்பைக் கொடுக்கின்றது என்பர் அனுபவசாலிகள். முதலாம் உலகப் போருக்கு முன்னர் பேர்மிங்ஹாமிற் செய்யப்பட்ட துப்பாக்கிகள் சில, புதிய சுருளும் முசலத்துக்குப் புதிய தோல் வளையமும் பெற்று, நூறாண்டுகளுக்குப் பின்னரும் குறி தவறாது சுடுகின்றன.

பெற்றோர்க்கு ஒரு சொல் இங்கே இன்றியமையாதது. பறவைகளையும் அணில்களையும் பதம் பார்க்கச் சிறுவர் கையிற் கொடுக்கும் கருவியன்று இது. ஈயச் சன்னம் கண்ணைக் குருடாக்க வல்லது. உயிரையும் போக்க வல்லது. இவ்விளையாட்டு வேரூன்றிய நாடுகளிலேயே சட்டம் அதற்கு வேலி இட்டிருக்கின்றது. இங்கிலாந்திற் 12 அடி-இறாத்தல் சக்திக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஸ்கொத்லாந்தில் 2016 ஆம் ஆண்டின் இறுதி முதல் அதனிலும் குறைந்தவற்றுக்கும் வேண்டும். சுருள்வில் வகைக்குத் தனியான ஆபத்து ஒன்றும் உண்டு: சுருளை ஏற்றிய நிலையில், குழலையோ நெம்புகோலையோ கையாற் பற்றாது சன்னம் இடும்போது கொளுவி தவறினால் விரல் நசுங்கும். சன்னம் இடாமல் வெறுமனே சுடுதலும் ஆகாது. காற்று மெத்தையின்றி முசலம் உருளையின் முகத்தில் நேரே மோதிச் சுருளும் உறுப்புகளும் சிதையும்.

1980 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் தென்பகுதியில் 'களக்குறி' என்று சொல்லத்தக்க ஒரு புதிய போட்டி தோன்றி, பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று. மரஞ்செடிகளுக்கிடையே, 55 யார் வரையான வெவ்வேறு தூரங்களில், முயல், காகம் முதலியவற்றின் உருவில் வெட்டப்பட்ட இரும்புத் தகடுகள் நிற்கும். உருவத்தின் நடுவிலுள்ள சிறு வட்டத்துட் சன்னம் சென்றாற் தகடு சாயும். விளிம்பிற் பட்டால் அசையாது நிற்கும். தூரத்தையும் காற்றின் போக்கையும் சுடுபவரே மதித்தறிதல் வேண்டும். இங்கும் காற்றடைத்த துப்பாக்கிகள் முன்னணிக்கு வந்தன. ஆயினும் சுருள்வில்லாளர் களத்தை விட்டு அகலவில்லை. உலகப் போட்டியிலும் அவர்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று நடைபெறுகின்றது. அங்கே ஈரப் புல்லில் அமர்ந்து, முழங்கால்மேல் விரித்த உள்ளங்கையிலே துப்பாக்கியைக் கிடத்தி, தொலைவிலுள்ள தகட்டை நோக்கும் ஒருவர் விசையை இழுத்த பின்னரும் அசைவதில்லை. துப்பாக்கி அவர் கையில் ஒருமுறை பின்சென்று முன்வந்து அடங்குகின்றது. தகடு சாயும் ஓசை கேட்ட பின்னரே அவர் மூச்சு விடுகின்றார்.